மேடைக்கு எதிரே ஒரு மைக்

நாற்காலி வரிசைகளுக்கு நடுவே உள்ள வழியில், மேடையைப் பார்த்தபடி தனியாக நிற்கும் மைக்தான் அவரை நினைத்தால் முதலில் கண்ணுக்கு வருகிறது. தேனியில் ரேடியோ செட் வாடகைக்கு விடுபவரிடமிருந்து வரும் சாதாரண மைக். தலையில் சிவப்புப் பஞ்சுத் தொப்பி, அதில் ஒரு ஓரம் எலி கடித்த மாதிரி பிய்ந்திருக்கும். ஸ்டாண்டின் திருகு தேய்ந்துவிட்டதால் யார் தூக்கி வைத்தாலும் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். நீளமாகப் பேசுகிறவர்கள் முடிக்கும்போது குனிந்து நிற்பார்கள். காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று எங்கே போனாலும் மேடையிலேயே இருந்து பழகிய மைக் அது. அதைக் கீழே இறக்கி, உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடுவில் நிறுத்தியவர் எங்கள் தலைவர். முதல் தடவை அப்படி வைத்தபோது ரேடியோ செட்காரர், "கீழ யாருங்க பேசப் போறாக?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பல கூட்டங்கள் வரைக்கும் அங்கே யாருமே பேசவில்லை.

எங்கள் சங்கம் என்று நான் சொல்வது, தேனியிலிருந்து கம்பம் வரைக்கும் இந்தப் பக்கம் ஆண்டிபட்டி வரைக்கும் ஒரு காலத்தில் கேபிள் டி.வி. இழுத்து, இப்போது வீடுகளுக்கு இணையம் கொடுக்கிற சின்னச் சின்ன ஆட்களின் சங்கம். தனித்தனியாக நின்றால் பெரிய கம்பெனிகள் எங்களை ஒரே வருடத்தில் ஊதித் தள்ளிவிடும். அதனால் மதுரையிலிருந்து வரும் பெரிய இணைப்பைச் சேர்ந்து வாங்குகிறோம், தேனியில் ஒரு அறையில் எந்திரங்களைச் சேர்த்து வைத்திருக்கிறோம். முக்கியமாக, முகவரி எண்களைச் சேர்த்து வைத்திருக்கிறோம். வீட்டுக்குக் கதவு எண் இருப்பது போல இணையத்துக்குள் வரும் இணைப்புக்கும் ஓர் எண் வேண்டும். அந்த எண்களுக்கு உலகம் முழுக்கத் தட்டுப்பாடு. சங்கம் மொத்தமாக வாங்கி உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. யாருக்கு எவ்வளவு, எப்போது திரும்ப வாங்கலாம் என்பதற்கெல்லாம் விதி வேண்டும். அந்த விதியை எழுத வேண்டியது மேடையில் இருக்கும் ஐந்து பேர் கொண்ட நிர்வாகக் குழுவா, கீழே இருக்கும் உறுப்பினர்களா என்பதில்தான் என் தூக்கம் போனது.

தலைவருக்குத் தேனி பஜாரில் எலெக்ட்ரிக் சாமான் கடை. மூன்று தலைமுறையாக வியாபாரம் செய்கிற கிறிஸ்தவக் குடும்பம். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். போன் வந்தால் உட்கார்ந்து பேசமாட்டார், எழுந்து நின்றுதான் பேசுவார், ஏதோ எதிரே ஆள் வந்து நிற்கிற மாதிரி. எந்தக் காரியத்தையும் ஆரம்பிக்கும்போதே "முடிஞ்சுச்சு, அடுத்து?" என்பார். அவ்வளவு அவசரக்காரர், ஒருமுறை வெளிநாட்டில் நடந்த இணைய முகவரிக் கூட்டத்துக்குப் போய்விட்டு ஆளே மாறித் திரும்பினார். "அங்கன யாரு பெரிய ஆளு, யாரு சின்ன ஆளுன்னே தெரியல தாயி. தலைவரா இருக்கவுக மேடைய விட்டு இறங்கி வந்து, கீழ இருந்த மைக்குக்கு வரிசையில ஒரு காலேஜ் பிள்ளைக்குப் பின்னால நின்னு, தன் முறை வந்ததும் பேரச் சொல்லி ஊரச் சொல்லிப் பேசுனாக" என்று அவர் சொன்னபோது கண்ணில் ஒரு பிரமிப்பு இருந்தது. வந்த வேகத்தில் எங்கள் சங்கத்துக்கும் அதேபோலச் சட்டதிட்டம் எழுத வைத்தார். விதியை உறுப்பினர்கள்தான் கொண்டுவர வேண்டும். எல்லோரிடமும் கேட்டார்களா என்று பார்ப்பது மட்டுமே நிர்வாகக் குழுவின் வேலை. ஆபத்து வந்தால் குழு தானே ஒரு விதி போடலாம், ஆனால் உறுப்பினர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்று மாதத்தில் அது செத்துவிடும். ஒப்புதல் கேட்க எல்லோருக்கும் போகிற மின்னஞ்சல் குழுவில் போட்டுவிட்டு, பிறகு கூட்டத்தில் வாசித்து முடிவு சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்குள் எவரும் மறுத்து எழுதாவிட்டால் எல்லோருக்கும் சம்மதம் என்று பொருள்.

அந்தக் கடைசி வரியில்தான் கோளாறு. வெளிநாட்டுக்காரர்கள் எழுதியதை அப்படியே எடுத்துப் போட்டோம். அவர்கள் ஊரில் பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுவார்களாம், அதனால் பேசாமல் இருந்தால் சம்மதம். எங்கள் பள்ளத்தாக்கில் பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் "ஊருக்குப் போயித் தகவல் சொல்றோம்" என்று காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்புவார்கள். அதற்குப் பிறகு போன் வராது. பெண் வீட்டில் யாரும் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பந்தல்காரனைத் தேடிப் போவதில்லை. முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்வது இங்கே மரியாதைக் குறைவு, பேசாமல் இருப்பதுதான் மறுப்பு. இதெல்லாம் அந்தச் சட்டதிட்டத்தை எழுதும்போது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால்தான் ஆச்சரியம், ஏனென்றால் இது யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்த வழக்கம் இல்லை.

நான் அப்போது சங்கத்தில் சம்பளத்துக்கு இருந்தேன். உறுப்பினர்கள் சொல்வதைத் தொகுத்து நிர்வாகக் குழுவுக்குக் கொடுப்பது என் வேலை. எனக்குப் பயம் பிறவிக் குணம். மார்க்கையன்கோட்டையில் வீட்டைப் பூட்டிவிட்டுப் பஸ் ஏறினால், சின்னமனூர் வருவதற்குள் கேஸை மூடினேனா என்று அம்மாவுக்குப் போன் போடுகிற ஆள். அப்படிப்பட்டவளிடம் ஒரு நாள் காலையில் பள்ளத்தாக்கு முழுக்க இருந்து போன் வர ஆரம்பித்தது. பேங்க் ஆப் திறக்கவில்லை. ஆன்லைன் பரீட்சைக்கு உட்கார்ந்த பிள்ளைகள் பாதியில் வெளியே தள்ளப்பட்டார்கள். போடியில் ஏலக்காய் வியாபாரிகள் ஏலத் திரையின் முன்னால் உட்கார்ந்து விலை சொல்ல முடியாமல் கத்திக்கொண்டிருந்தார்கள். பார்த்தால், எங்கள் எண்கள் முழுவதையும் வெளியுலகம் கறுப்புப் பட்டியலில் போட்டிருந்தது. எங்கள் பக்கமிருந்து உலகத்துக்கெல்லாம் மோசடி மெயில் கொட்டிக்கொண்டிருந்தது. எங்கிருந்து என்று தேடியதில், மயிலாடும்பாறை அக்காவின் இணைப்பிலிருந்து.

மயிலாடும்பாறை அக்கா என்றுதான் சங்கத்தில் அவரைச் சொல்வோம். அவருடைய வீட்டுக்காரர் கேபிள் இழுக்கும்போது மின்கம்பத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தவர். அன்றிலிருந்து ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு அக்காவே போகிறார். அந்தப் பக்கத்து மலையடி ஊர்களுக்கு வேறு யாரும் இணைப்பு கொடுப்பதில்லை, லாபம் கிடையாது. மோசடியில் அக்காவுக்குச் சம்பந்தம் இல்லை. தோட்டத்து வீடுகளில் திருட்டுக்குப் பயந்து மலிவான கேமராப் பெட்டிகளை வாங்கி மாட்டியிருந்தார்கள். அதன் கடவுச்சொல்லை யாரும் மாற்றவில்லை. எங்கோ இருக்கிற ஒருவன் அந்தப் பெட்டிகளுக்குள் நுழைந்து அங்கிருந்து மெயில் அனுப்பிக்கொண்டிருந்தான். திருடனைப் பிடிக்க வைத்த கேமராவுக்குள்ளேயே திருடன் குடியிருந்தான்.

தலைவர் கடையில் நின்றபடியே மற்ற நான்கு நிர்வாகிகளுக்கும் போன் போட்டார். உறுப்பினர் கூட்டம், மின்னஞ்சல், இரண்டு வாரம் என்றெல்லாம் நான் ஆரம்பித்தேன். "வீடு பத்தி எரியுது, நீ அஜெண்டா தயார் பண்றியா?" என்றார். ஒரு மணி நேரத்தில் அவசர விதி வந்துவிட்டது. எந்த உறுப்பினர் பக்கமிருந்து மோசடி வருகிறதோ அவருடைய எண்களை முன்னறிவிப்பு இல்லாமல் எடுத்துக்கொள்ளலாம், குழுவுக்குத் திருப்தி ஏற்படும் வரை திருப்பித்தர வேண்டியதில்லை. மதியத்துக்குள் ஒன்றைத் தவிர அக்காவின் எண்களெல்லாம் பறிக்கப்பட்டன. இரண்டொரு நாளில் கறுப்புப் பட்டியலிலிருந்து வெளியே வந்தோம். போடி வியாபாரிகள் தலைவருக்கு மாலை போடாத குறை. இன்றைக்கு வரைக்கும் என்னால் அதைத் தப்பு என்று சொல்ல முடியவில்லை. அவர் என்னை மாதிரி யோசித்துக்கொண்டு நின்றிருந்தால் பள்ளத்தாக்கு முழுவதும் இருட்டில் கிடந்திருக்கும்.

அக்கா அந்த வாரமே வீடு வீடாகப் போய்க் கேமராப் பெட்டிகளைக் கழற்றிவிட்டார். சங்கத்துக்கும் சொல்லிவிட்டார். ஆனால் குழுவுக்குத் திருப்தி ஏற்பட நேரம் இல்லை. அடுத்த கூட்டத்தில் வேறு அவசரம், அதற்கடுத்த கூட்டம் நடக்கவே இல்லை. சும்மாதானே கிடக்கிறது என்று அக்காவின் எண்களைக் கம்பம் ஊரில் வேகமாக வளர்ந்துகொண்டிருந்த பெரிய உறுப்பினர் ஒருவருக்குத் தற்காலிகமாகக் கொடுத்தார்கள். அக்காவுக்கு மிஞ்சியது ஒரே ஓர் எண். அத்தனை வீட்டையும் அதற்குள் அடைத்தார். ஒரே கதவு வழியாகத் திருவிழாக் கூட்டம் போனால் எப்படி இருக்கும்? படம் நின்று நின்று ஓடியது, பணம் அனுப்பினால் பாதியில் தொங்கியது. ஒவ்வொரு வீடாக இணைப்பை வெட்டச் சொன்னார்கள். "வருசநாட்டுப் பக்கம் செல்போன் கம்பெனிக்காரவுக டவர் போடப் போறாகளாம் தாயி. அதுக்குள்ள நம்பரு வந்துச்சுன்னா பொழச்சேன். இல்லாட்டி ஏணிய வித்துட்டுக் களை வெட்டப் போக வேண்டியதுதான்" என்று போனில் சிரித்தபடி சொன்னார்.

மூன்று மாதம் முடியும் சமயம், அவசர விதியை நிரந்தரமாக்கலாமா என்று உறுப்பினர்களிடம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். மின்னஞ்சல் குழுவில் ஒரு பதிலும் இல்லை. என் போனில் மட்டும் மணி ஓயவில்லை. உத்தமபாளையத்துக்காரர் கூப்பிட்டு, "அந்த அக்கா பாவம்மா. கேக்காமக் கொள்ளாம நம்பரப் புடுங்குனது எனக்கு மனசே ஆகல. நாளைக்கு எனக்கும் இதான. ஆனா எம் பேரச் சொல்லிராதீக, அண்ணாச்சி வருத்தப்படுவாக" என்றார். எழுதுங்களேன் என்றால், "எழுதுனா எல்லாருல்ல பாப்பாக" என்று பதறினார். ஆண்டிபட்டிக்காரர் இன்னும் மோசம். அரை மணி நேரம் குமுறிவிட்டு, "நான் ஒங்களுக்குப் போனே பண்ணல, சரியா?" என்று வைத்தார். சிலர் பஜாரில் என்னைப் பார்த்ததும் கிட்டே வந்து ஏதோ சொல்ல வாயெடுத்து, "சாப்டீகளா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அத்தனை பேரும் வேண்டாம் என்கிறார்கள். சட்டதிட்டத்தின்படி அத்தனை பேருக்கும் சம்மதம். அக்காவின் ஏணி இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்தது.

கெடு முடிவதற்கு முந்தைய நாள் தலைவரின் கடைக்குப் போனேன். ஒருவருக்கு வயர் அளந்துகொண்டிருந்தார். அவர் நிமிர்வதற்குள் சொல்லிவிட்டேன், யாருக்கும் பிடிக்கவில்லை அண்ணாச்சி என்று. "எழுத்துல இருக்கா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப இல்ல. போன்ல சொல்றது, டீக்கடையில சொல்றதயெல்லாம் கணக்குல எடுத்தா நாளைக்கு ஒவ்வொருத்தனும் எங்கிட்ட அவன் சொன்னான் இவன் சொன்னான்னு வருவான். எல்லாரும் பாக்க, எல்லாருக்கும் முன்னால சொல்லணும்னுதான அந்த ஏற்பாடே?" அதுவும் சரிதான். அவர் பேச்சில் ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு நியாயம் இருந்து தொலைத்தது. எனக்கு வேறு வழி தெரியாமல், பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் பேசாமல் இருந்தால் நாம் சம்மதம் என்றா எடுத்துக்கொள்கிறோம் அண்ணாச்சி என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது. அவருடைய மூத்த மகளுக்கு வரன் தேடி எத்தனையோ வருடம் அந்தப் போனுக்காக அவர் காத்திருந்தது தேனி பஜாருக்கே தெரியும். அவர் வயரை அளவு தப்பி வெட்டினார். வாங்க வந்தவர், "அண்ணாச்சி, இது காணாதே" என்றார். தலைவர் மறுபடியும் முதலிலிருந்து அளக்க ஆரம்பித்தார். எனக்குத் தெரிந்து அவர் ஒரு வேலையை இரண்டாம் தடவை செய்தது அன்றுதான். "கூட்டத்துல பாப்போம், போ" என்று என் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார்.

கூட்டம் முகூர்த்தம் இல்லாத ஒரு நாளில் தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தைய நாள் நடந்த விசேஷத்தின் பூ வாசம் அங்கேயே இருந்தது. மேடையில் தலைவரும் நால்வரும். கீழே வழியில் சிவப்புத் தொப்பி மைக். மயிலாடும்பாறையிலிருந்து காலைப் பஸ் பிடித்து வந்த அக்கா கடைசி வரிசையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விதியைத் தலைவரே வாசித்தார். எழுத்தில் எவரும் மறுக்கவில்லை என்பதையும் சொன்னார். "இப்பவும் யாராவது பேசணும்னா மைக் இருக்கு" என்றார். எனக்குப் போன் போட்டுக் குமுறிய ஒவ்வொருவரும் வெவ்வேறு திசையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆண்டிபட்டிக்காரர் செல்போனைத் துடைத்துக்கொண்டிருந்தார். முடிஞ்சுச்சு, அடுத்து என்ற வார்த்தை தலைவர் வாயிலிருந்து எப்போது விழுமோ என்று நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா எழுந்து வந்தார். மைக்கின் முன்னால் நின்று பெயர் சொன்னார், ஊர் சொன்னார். அத்துடன் நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் நேர் எதிரே மேடையில் தலைவர். அக்காவின் முதல் ஏணியும் முதல் வயரும் அவர் கடையிலிருந்து வந்தவை, வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது முதலில் போய்ப் பார்த்தவரும் அவர். அந்த முகத்துக்கு நேரே என்ன சொல்ல முடியும்? மைக் பாட்டுக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது, அக்காவின் வாயைத் தாண்டிக் கழுத்துக்கு வந்துவிட்டது. அப்போது உத்தமபாளையத்துக்காரர் எழுந்து போய் அக்காவின் பின்னால் நின்றார். பேசவில்லை, சும்மா நின்றார். பிறகு சின்னமனூர்க்காரர். பிறகு செல்போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு ஆண்டிபட்டிக்காரர். வழி நெடுக வரிசை. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

தலைவர் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகம் சிவந்தது. கோபம்தான் என்று நினைத்தேன், கோபமும் இருந்திருக்கும். பிறகு எழுந்தார். மேடைப் படியில் கையை ஊன்றி இறங்கி, வரிசையில் நின்ற யாரையும் பார்க்காமல் பக்கவாட்டில் நடந்து, கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அங்கிருந்தே மைக் இல்லாமல் சத்தமாகச் சொன்னார். "ஆத்தா, மேடையில இப்ப நான் இல்ல. ஒனக்குப் பின்னாடி நிக்கிறேன். எம் மூஞ்சியப் பாக்க வேண்டாம். நீ பாட்டுக்குச் சொல்லு."

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்துச் சொன்னார். "தப்பு எங்க ஊருக் கேமராலதான் இருந்துச்சு. நான் இல்லைங்கல. அத்தனையும் கழட்டிட்டேன். ஒரு போன் பண்ணிக் கேட்டுட்டுப் புடுங்கிருக்கலாம்ல? ஒரே ஒரு போன். நான் கொலையா பண்ணேன்? என் நம்பர எங்கிட்டக் குடுத்துருங்க." அவ்வளவுதான். பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், பெயரும் ஊரும் சொல்லிப் பேசினார்கள். முதுகுக்குப் பின்னால் தலைவரை வைத்துக்கொண்டு, போனில் என்னிடம் சொன்ன அத்தனையையும் சொன்னார்கள். கடைசியில் அவருடைய முறை வந்தது. மைக் அவர் இடுப்புக்கு வந்திருந்தது. தூக்கி வைத்தார். பெயர் சொன்னார். "ஊரு தேனி. உறுப்பினர்" என்றார். "அன்னைக்கு நான் செஞ்சது சரின்னுதான் இப்பவும் நெனைக்கிறேன். ஆனா அது அன்னைக்கு ஒரு நாளைக்குத்தான் சரி. இந்த விதிக்கு எனக்குச் சம்மதம் இல்ல." பிறகு மேடையேறி, தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து, விதி காலாவதியாகிவிட்டது என்று அறிவித்தார். "முடிஞ்சுச்சு, அடுத்து?" என்றார். அக்காவின் எண்கள் அந்த வாரமே திரும்பின.

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். கடையில் போன் பேசிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டாராம், அப்போதும் நின்றபடிதான். நான் சம்பள வேலையை விட்டுவிட்டு மார்க்கையன்கோட்டையில் சொந்தமாக இணைப்பு கொடுக்க ஆரம்பித்து, உறுப்பினராகி, நிர்வாகக் குழுவுக்கு வந்து, இப்போது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். என்னைத் தலைவர் என்று யாராவது கூப்பிட்டால் இன்னும் பின்னால் திரும்பிப் பார்க்கிறேன். இந்த வருடம் மறுபடியும் தாக்குதல். முன்பு மாதிரி எப்போதோ ஒன்று இல்லை, ஏதோ ஒரு மூலையிலிருந்து தினமும் ஒன்று வருகிறது. ஒவ்வொரு தடவையும் சம்பந்தப்பட்டவருக்கு முதலில் போன் போட்டுக் கேட்டுத்தான் நடவடிக்கை எடுக்கிறோம், அக்கா கேட்ட அந்த ஒரு போன் இப்போது விதி. போன் எடுக்காதவர்களால் ஊரே தவிக்கிறது. சலித்துப்போன உறுப்பினர்களே ஒரு புது விதி எழுதிக்கொண்டு வந்தார்கள். எண்களைப் பறிக்கவும் கொடுக்கவும் நிர்வாகக் குழுவுக்கு நிரந்தர அதிகாரம். யாரிடமும் கேட்க வேண்டாம்.

மின்னஞ்சல் குழுவில் போட்டோம். இந்தத் தடவை மௌனம் இல்லை, சம்மதம் சம்மதம் என்று வரிசையாக எழுதினார்கள். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மயிலாடும்பாறை அக்காவுக்குப் போன் போட்டேன். அவருக்கு அந்த டவர் போட்டி வந்து, சமாளித்து, இப்போது ஏணி தூக்க ஆளே வைத்திருக்கிறார். நீங்களுமா அக்கா என்றேன். "நீங்க இருக்கீக, நாங்க எதுக்கு யோசிக்கணும் தாயி? அண்ணாச்சிகிட்டயே சண்ட போட்ட ஆளு நீங்க. எங்களுக்குக் கெடுதலா பண்ணிருவீக?" என்றார். போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. பண்ணமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அண்ணாச்சியும் கெடுதல் நினைத்துச் செய்யவில்லையே. ஒரு மணி நேரத்தில் ஐந்து பேர் போனில் பேசி முடித்துவிட்டால் எவ்வளவு நிம்மதி என்று என் மனதின் ஒரு பாதி சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்த அதிகாரம் எனக்கு வேண்டியிருக்கிறது. கேஸை மூடினேனா என்று ஆயிரம் தடவை யோசிக்கிற எனக்கே வேண்டியிருக்கிறது என்றால், எனக்குப் பிறகு இங்கே உட்காரப் போகிறவர் எப்படிப்பட்டவரோ, அவருக்கு எவ்வளவு வேண்டியிருக்கும்? அன்று மரியாதையால் வாய் மூடியிருந்தவர்கள் இன்று பாசத்தால் மூடிக்கொள்கிறார்கள். பறிபோகப்போவது அப்போதும் யாரோ ஒரு அக்காவின் எண்தான்.

போன சனிக்கிழமை கூட்டம். அதே மண்டபம். இப்போது ரேடியோ செட்டை முந்தையவரின் மகன் கொண்டு வருகிறார், மைக் மட்டும் மாறவில்லை, தொப்பி இன்னும் கொஞ்சம் பிய்ந்திருக்கிறது. விதியை வாசித்தேன். யாராவது பேச வேண்டுமா என்று கேட்டேன். எல்லோரும் என்னைப் பார்த்துப் பிரியமாகச் சிரித்தார்கள். அக்கா முன் வரிசையில் உட்கார்ந்து, சீக்கிரம் முடித்துக்கொள் என்கிற மாதிரி கையை ஆட்டினார். யாரும் எழவில்லை. முடிஞ்சுச்சு என்று சொல்வதற்கு என் நாக்கு தயாராக இருந்தது. எழுந்துகொண்டேன். மேடைப் படியில் இறங்கினேன். நடந்து போய் மைக்கைத் தூக்கி வைத்துவிட்டு, பெயர் சொன்னேன், ஊர் மார்க்கையன்கோட்டை, உறுப்பினர் என்றேன். இந்த விதிக்கு எனக்குச் சம்மதம் இல்லை என்றேன்.

மண்டபமே சிரித்தது. விளையாட்டு என்று நினைத்துவிட்டார்கள். காலியாகக் கிடந்த என் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றேன். சிரிப்பு அடங்கியது. மைக் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது, செருப்புச் சத்தம் வழியில் வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றது. பிறகு இன்னொன்று. என்னை மறுத்துப் பேச வந்தவர்களா, சேர்ந்து பேச வந்தவர்களா, அக்காவா, வேறு யாருமா தெரியாது. நான் திரும்பவில்லை. திரும்பினால் என் முகத்தைப் பார்த்துவிடுவார்கள்.